வால் அறுந்த செய்தி

அல்லிக்குளத்துக் கரையில் கெட்டியான் என்று ஓர் உடும்பு இருந்தது. அந்தக் குளத்துக் கபடி அணிக்கு அதுதான் பிடி ஆட்டக்காரன். எதிர் அணியிலிருந்து பாடிக்கொண்டு வருகிறவர் எவராக இருந்தாலும் சரி, கெட்டியான் காலைப் பிடித்தால் பிடித்ததுதான். மூச்சு முட்டிப் பாட்டு நின்ற பிறகுதான் பிடி தளரும். ஒருமுறை ஒரு மான் கெட்டியானையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டப் பார்த்தது. முடியவில்லை. "விடப்பா, தோத்துட்டேன்!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அந்தக் காட்டில் ஒப்பந்தத்துக்கு எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. சேறுதான் ஒப்பந்தம். மழை ஓய்ந்து குளத்தோரச் சேறு இறுகும் சமயத்தில் ஆட்டக்காரர்கள் வருவார்கள். அணித் தலைவர் காட்டுப்பன்றியின் முன்னால் சேற்றில் காலைப் பதிப்பார்கள். தடம் காய்ந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அடுத்த மழை வந்து அதைக் கரைக்கும்வரை அவர்கள் அல்லிக்குளத்துக்காரர்கள். அவர்களும் விலக முடியாது, தலைவரும் மாற்ற முடியாது.

பிடி ஆட்டக்காரனுக்குச் சம்பளமாகக் கரைமேல் ஒரு பெரிய கரையான் புற்று உண்டு. சேற்றில் தடம் யாருடையதோ, புற்றும் அவருடையது.

இந்த வருடம் மழை ஓய்ந்துவிட்டது. சேறு இன்னும் கூழாகத்தான் கிடந்தது. கெட்டியானுக்கு ஒரு கவலையும் இல்லை. சொல்லப்போனால், மனசுக்குள் ஒரு பெரிய சந்தோஷம் இருந்தது. புற்றின் நடுவில், கரையான்கள் கட்டிய கதகதப்பான சுவருக்குள், அதன் மனைவி செவ்வி முட்டையிட்டிருந்தது.

"யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க!" என்று செவ்வி எச்சரித்தது. முட்டை என்ற சொல்லைக் கேட்டாலே நாக்கில் எச்சில் ஊறுகிறவர்கள் அந்தக் காட்டில் பாதிப் பேர்.

"எதிராளி மூச்சையே நிறுத்துறவன் நான். என் மூச்சை நிறுத்தத் தெரியாதா?" என்று சிரித்தது கெட்டியான்.

மழைக்குப் பிறகு குளத்தங்கரையில் வெயில் விழ நேரமாகும். உடும்புக்கோ உடம்பில் சூடு ஏறினால்தான் கைகால் ஓடும். ஓடைக்கு அந்தப் பக்கம், பாறைக்காட்டு எல்லையில், ஒரு பெரிய பாறை உண்டு. அங்கே விடிந்ததுமே வெயில் வந்துவிடும். கெட்டியான் அதன்மேல் போய்க் கால்களைப் பரப்பிக்கொண்டு படுத்தது.

அந்த வழியாகப் பாறைக்காட்டு அணித் தலைவர் முள்ளம்பன்றி வந்தது.

"என்னப்பா கெட்டியான், சௌக்கியமா?"

"சௌக்கியம் அண்ணே."

"வெயில் சுகமா இருக்கா?"

"சுகமா இருக்கு அண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. முள்ளம்பன்றி தன் வழியே போனது. தலைக்கு மேலே உசிலமரக் கிளையில் வால்காக்கை உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கெட்டியான் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, கண்ணை மூடித் தூங்கிப்போனது. அப்போது எழுந்து கிளைக்குக் கீழே நின்று அதனிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்த வால்காக்கைக்கு வேலையே விளையாட்டுச் செய்தி சொல்வதுதான். சாயங்காலமானால் குளத்தோரப் புங்கமரத்தில் உட்கார்ந்து, யார் ஜெயித்தார்கள், யாருக்குக் கால் சுளுக்கியது என்றெல்லாம் சொல்லும். கேட்க வருகிறவர்கள் புழுவோ பழமோ கொண்டுவந்து மரத்தடியில் வைப்பார்கள். மழைக்காலத்தில் கபடி கிடையாது. கபடி இல்லையென்றால் செய்தி இல்லை. செய்தி இல்லையென்றால் புழு இல்லை. வயிறு மட்டும் விடுமுறை எடுப்பதில்லையே!

மறுநாள் காலையில் புற்றுக்கு வெளியே ஒரே கூச்சல். கெட்டியான் விழித்துக்கொண்டது. புற்றின் உச்சியில் தவிட்டுக் குருவிகள் வரிசையாக உட்கார்ந்து, ஒன்றின் பேச்சை ஒன்று கேட்காமல் எல்லாம் சேர்ந்து விவாதம் நடத்திக்கொண்டிருந்தன.

"போறது தப்பா? நான் கேக்கிறேன், போறது தப்பா?"

"தப்பே இல்லை! திறமை இருக்கிறவன் போவான்!"

"கொஞ்சமாவது நன்றி வேணாமா?"

"நன்றியைத் தின்ன முடியுமா? அங்கே எவ்வளவு பெரிய புற்று குடுக்கிறாங்களோ!"

கெட்டியானுக்கும் ஆவல் தாங்கவில்லை. தலையை வெளியே நீட்டி, "யாரு போறாங்க?" என்று கேட்டது.

குருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தன. "நீதான்!"

"நானா? எங்கே?"

"பாறைக்காட்டு அணிக்கு!"

"நான் எங்கேயும் போகலையே!"

குருவிகள் ஒரு கணம் வாயை மூடின. அது அவற்றின் வாழ்க்கையில் அபூர்வமான கணம். பிறகு ஒன்று மெல்லச் சொன்னது: "பாத்தியா, மறைக்கிறான்!"

"மறைக்கிறான்னா உறுதிதான்!" என்றது இன்னொன்று. மறுபடியும் கூச்சல் தொடங்கியது.

கெட்டியான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. புற்றுக்குள்ளே செவ்வி முட்டைகளின் மேல் இருந்த மண்ணை அணைத்தபடி படுத்திருந்தது. "என்னங்க சொல்றாங்க? நீங்க போயிட்டா புத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களே! இதுங்களை எங்கே தூக்கிக்கிட்டுப் போறது?"

முட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கரையான் சுவரின் சூடு போய்விட்டால் உள்ளிருக்கும் குஞ்சு பிழைக்காது. இது கெட்டியானுக்கும் தெரியும்.

அது நேராகக் காட்டுப்பன்றியிடம் ஓடியது. பன்றி கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை.

"தலைவரே, நான் எங்கேயும் போகலை! யாரோ கதை கட்டிவிட்டிருக்காங்க!"

"நீ நல்லவன்பா," என்றது பன்றி, பெருமூச்சு விட்டபடி. "எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இப்படிச் சொல்றே."

"இல்லை தலைவரே, நிஜமாவே..."

"ஊரே சொல்லுதேப்பா. அத்தனை பேரும் பொய் சொல்வாங்களா? எங்கே போனாலும் நல்லா இரு. போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்கு வருத்தம்."

பன்றி மறுபடியும் கிழங்கு தோண்டத் தொடங்கியது. அதற்குக் கெட்டியானைப் பிடிக்கும். பிடித்ததால்தான் அவ்வளவு வருத்தம், அந்த வருத்தத்தில் எதிரே நிற்கிறவன் சொன்னது காதில் ஏறவே இல்லை. 'புற்றில் முட்டை இருக்கிறது, எப்படிப் போவேன்?' என்று சொல்லிவிடலாமா என்று கெட்டியானுக்கு நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்துப் புதரில் கீரி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. கெட்டியான் வாயை மூடிக்கொண்டு திரும்பியது.

'சரி, முதலில் சொன்னது யார் என்று பார்த்துவிடுவோம்' என்று கிளம்பியது.

குருவிகள், "எங்களுக்கு அரணை சொன்னான்," என்றன.

அரணை ஒரு கல்லின்மேல் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. காட்டில் செய்தி கொண்டுபோவதில் அதைவிட வேகமான ஆள் கிடையாது. ஞாபகசக்திதான் கொஞ்சம் மட்டு.

"தம்பி, என்னைப் பத்தி நீ என்ன சொன்னே?"

"கெட்டியான் பாறைக்காட்டுக்குப் போறான்னு சொன்னேன் அண்ணே."

"யார் சொல்லிச் சொன்னே?"

"வால்காக்கை அக்காதான் நேத்துச் சாயங்காலம் மரத்திலிருந்து சொன்னாங்க. கேட்டதும் ஓடினேன்."

"அவங்க இதையேதான் சொன்னாங்களா?"

அரணை கண்ணைச் சிமிட்டி யோசித்தது. "இதேதான் அண்ணே. வாலில் மட்டும் இன்னும் ஏதோ சின்னதா ஒட்டியிருந்துச்சு. ஓடி வர்ற அவசரத்தில் வழியில் எங்கேயோ விழுந்துடுச்சு!"

கெட்டியான் புங்கமரத்தடிக்குப் போனது. அங்கே புழுவும் பழமும் குவிந்து கிடந்தன. வால்காக்கை நாவல்பழம் ஒன்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் பாறைக்காட்டுக்குப் போறேன்னு சொன்னீங்களா?"

"நானா? சொல்லவே இல்லையே!" என்று வால்காக்கை மார்பில் சிறகை வைத்தது. "நான் 'போறான்'னு சொல்லலை தம்பி. 'போறானாம்'னுதான் சொன்னேன். நல்லா விசாரிச்சுப் பாரு. 'ஆம்' போட்டிருக்கேன்!"

அரணை வழியில் தொலைத்தது எது என்று கெட்டியானுக்கு அப்போதுதான் புரிந்தது.

நம் பேச்சில் இந்த 'ஆம்' இருக்கிறதே, அது ரொம்பச் சின்ன வால். நான் பார்க்கவில்லை, எவரோ சொன்னார்கள், பொய்யாகப் போனால் என்னைக் கேட்காதே என்பதையெல்லாம் அந்த ஒரு வாலுக்குள் சுருட்டி வைத்துவிடலாம். சொல்லுகிறவருக்கு அது நல்ல வசதி. ஆனால் வால் என்பது அறுந்து விழக்கூடிய பொருள். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

"சரி அக்கா, 'ஆம்'னு போட்டீங்களே, உங்களுக்கு அதைச் சொன்னது யாரு?"

"யாராவது சொல்லியிருப்பாங்கன்னுதான் போட்டேன். அதுக்குத்தானே 'ஆம்' இருக்கு!" என்றது வால்காக்கை. "நீ எல்லைப் பாறையில் படுத்திருந்தே. முள்ளம்பன்றி வந்து பேசினார். சுகமா இருக்குன்னு நீயே சொன்னே. சேறு இறுகப் போற நேரம். இதையெல்லாம் கூட்டிப் பாத்தா வேற என்ன வரும்?"

"வெயில் சுகமா இருக்குன்னு சொன்னேன்!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? இன்னொண்ணு கேளு. இன்னிக்குக் காலையில் தவிட்டுக் குருவிங்க எல்லாம் 'போறான், போறான்'னு அடிச்சுச் சொல்லுதுங்க. அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்குன்னா உண்மையாத்தானே இருக்கணும்? நான் குத்துமதிப்பா ஒண்ணு சொன்னேன், அது சரியாப் போச்சு! என் மூக்கு அப்படி!"

தான் ஊதிவிட்ட புகை தன்னிடமே திரும்பி வந்ததும், எங்கேயோ நெருப்பு எரிகிறது என்று அது நிஜமாகவே நம்பிவிட்டது. பொய் சொல்லுகிறவளிடம் சண்டை போடலாம். நம்பிவிட்டவளிடம் என்ன செய்வது?

"அக்கா, உங்க காலில் விழறேன். இன்னிக்குச் சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கெட்டியான் போகலைன்னு சொல்லுங்க!"

"கட்டாயம் சொல்றேன் தம்பி. இரண்டு பக்கமும் சொல்லணும், அதுதான் முறை."

சாயங்காலம் வால்காக்கை சொன்ன வார்த்தையைப் புற்றுக்குள் இருந்தபடியே கெட்டியான் கேட்டது.

"முதலில் இந்த மரம் சொன்ன செய்தி உறுதியாகிவிட்டது! கெட்டியான் பதறிப்போய் மறுக்கிறானாம்! மறுக்க வேண்டிய அவசியம் என்ன?"

அரணை அதைக் கேட்டுவிட்டு ஓடியது. கெட்டியான் போவது உறுதி, அதனால்தான் பதறிப்போயிருக்கிறான் என்ற செய்தி, வால் இல்லாமல், ஓடையைத் தாண்டிப் பாறைக்காட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு கெட்டியான் என்ன செய்தாலும் தப்பாகவே முடிந்தது. புற்றைவிட்டு வெளியே வந்தால், "பாறைக்காட்டுக்குத்தான் கிளம்பிட்டான்!" என்றார்கள். புற்றுக்குள்ளேயே இருந்தால், "மூட்டை கட்டுறான்!" என்றார்கள். பேசினால் மழுப்புகிறானாம், பேசாவிட்டால் ஒத்துக்கொள்கிறானாம். பழகிய முயல்கூட எதிரே வந்தபோது, "அங்கே போயும் எங்களை மறந்துடாதே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. கெட்டியானுக்கே ஒரு கணம், நாம் நிஜமாகவே போகிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

'சேறு இறுகட்டும். முதல் ஆளாகப் போய்க் காலைப் பதித்துவிடுகிறேன். தடத்தைப் பார்த்த பிறகு யார் என்ன பேச முடியும்?' என்று மனதைத் தேற்றிக்கொண்டது.

சேறு இறுகிய அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. கெட்டியான் குளத்தோரம் போனபோது சேற்றின்மேல் ஏற்கனவே ஒரு தடம் இருந்தது. சின்னச் சின்ன விரல்கள். கூர்மையான நகங்கள். ஓரம் வெளுத்து, நன்றாகக் காய்ந்தும் போயிருந்தது.

தடத்தின் பக்கத்தில் பன்றியோடு நின்றிருந்த கீரி சங்கடத்தோடு நெளிந்தது. "தலைவர் கூப்பிட்டார் அண்ணே. நீங்கதான் போறீங்களேன்னு..."

"பிடி ஆட்டக்காரன் இல்லாம நான் அணியை நடத்த முடியுமாப்பா?" என்றது பன்றி, கெட்டியானின் முகத்தைப் பார்க்காமல். "நீ கிளம்பினப்புறம் ஆள் தேடினா யார் கிடைப்பா? அதான் முந்திக்கிட்டேன். புத்தை மட்டும் காலி பண்ணிக் குடுத்துடு. இனிமே அது கீரிக்கு."

ஓர் உடும்பின் முட்டைகளை ஒரு கீரியின் வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கெட்டியான் திரும்பி ஓடியது. புற்றை அடைந்து, நான்கு கால்களையும் விரித்து, நகங்களை மண்ணுக்குள் பதித்து, வாசலை மார்பால் மூடிக்கொண்டு பிடித்தது.

பின்னாலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"இறங்குப்பா! போற இடத்தில் இதைவிடப் பெரிசா தருவாங்க!" என்றது முயல்.

கெட்டியான் அசையவில்லை. முயல் வாலைப் பிடித்து இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. முயலின் இடுப்பை மான் பிடித்தது. மானைப் பெரிய மிளா மான் பிடித்தது. எல்லாரும் சேர்ந்து, "ஏலேலோ!" என்று இழுத்தார்கள். தவிட்டுக் குருவிகள் மேலே பறந்தபடி, "போறான்! போறான்! இதோ போறான்!" என்று கத்தின. கெட்டியானின் நகத்தில் ரத்தம் வந்தது. பிடி மட்டும் தளரவில்லை.

காட்டுப்பன்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. அதன் மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். ஆனாலும் ஓடும்.

"நிறுத்துங்க!" என்று திடீரென்று உறுமியது. "தானாப் போறவனை எதுக்கு இத்தனை பேர் சேந்து இழுக்கிறீங்க?"

இழுத்தவர்கள் விழித்தார்கள். அந்தக் கேள்வி அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புற்றின் ஓரம் பிளந்து ஒரு கட்டி மண் கீழே விழுந்தது. உள்ளே, செவ்வியின் கால்களுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று முட்டைகள் தெரிந்தன.

எல்லாரும் பிடியை விட்டுவிட்டு ஓரடி பின்வாங்கினார்கள். கீரி மட்டும் ஒருமுறை எச்சிலை விழுங்கியது. பன்றி அதைத் திரும்பிப் பார்த்ததும் வானத்தைப் பார்க்கத் தொடங்கியது.

"இதை ஏன்பா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டது பன்றி.

"போகலைன்னு சொன்னேனே தலைவரே," என்றது கெட்டியான். "அதையே நீங்க கேக்கலை. இதைச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

கெட்டியானுக்கு அழுகை வந்துவிட்டது. பன்றிக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

காய்ந்த தடத்தை அழிக்கப் பன்றிக்கு அதிகாரம் இல்லை. அடுத்த மழைவரை கீரிதான் அல்லிக்குளத்துப் பிடி ஆட்டக்காரன். பன்றி தன் குகையைக் கீரிக்குக் கொடுத்துவிட்டு, தான் புதரடியில் படுத்துக்கொள்வதாகச் சொன்னது. "புத்துப் பக்கம் உன் வாடை அடிச்சுதுன்னா என் கொம்புப்பல்லு பேசும்!" என்று கீரியிடம் ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தது. கரையான்கள் யாரையும் கேட்காமல், விழுந்த இடத்தை அடைக்கத் தொடங்கின. முட்டைகள் பிழைத்தன. கெட்டியானுக்குத்தான் அந்த வருடம் கபடி இல்லாமல் போயிற்று. கீரி எந்தக் காலைப் பிடித்தாலும் வழுக்கிக்கொண்டு போயிற்று. அல்லிக்குளம் அந்த வருடம் தோற்ற தோல்வியைக் குளத்துத் தவளைகள்கூடப் பேச விரும்பவில்லை.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் புற்றடியில் இழுபறி நடந்த அன்று சாயங்காலமே, முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பாறைக்காட்டு முள்ளம்பன்றி வந்து நின்றது.

"என்னப்பா இது அநியாயம்? நீ வர்றேன்னுதானே எங்க பிடி ஆட்டக்காரனை அனுப்பிட்டோம்! இப்ப வரலைன்னு சொல்றியாமே! சொன்ன சொல் தவறலாமா?"

"வர்றேன்னு நான் எப்ப அண்ணே சொன்னேன்?"

"நீ சொல்லலை. ஊரே சொல்லுச்சே!"

புங்கமரத்தில் வால்காக்கை கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இப்போது கிடைத்த செய்தி! பாறைக்காட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கெட்டியான் ஏமாற்றிவிட்டானாம்!"

மரத்தடியிலிருந்து அரணை விருட்டென்று கிளம்பியது. "பிடிங்க அவனை!" என்று கத்தியபடி, பக்கத்தில் நின்றிருந்த காட்டுப்பன்றி பாய்ந்து அதன் வாலை மிதித்தது. வால் அறுந்து பன்றியின் காலடியில் கிடந்து துடித்தது. அரணை புதருக்குள் நுழைந்து ஓடிவிட்டது. "ஏமாத்திட்டான்! கெட்டியான் ஏமாத்திட்டான்!" என்று அதன் குரல் ஓடைப் பக்கம் தூரத்தில் தேய்ந்தது.

வாலில் இருந்த 'ஆம்' எங்கே போயிற்று என்று பார்க்காமல் செய்தியை நம்புகிறவர்கள், போக மனமில்லாதவனைத் தாங்களே இழுத்து வெளியே தள்ளிவிட்டு, அவன்தான் போய்விட்டான் என்று சொல்லிக்கொள்வார்கள்.